வேதக்கார வீடும் பக்கத்து வீடும்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ஒரு வாசகர், "நம் விசுவாசத்தை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். நானும் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டி நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதைப் படித்துவிட்டு சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களும் வாட்சாப் செய்திகளும் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இந்த மாதம் முழுக்க அதே விஷயம்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அதிலும் பெரும்பகுதி சபா, சரவாக் பக்கம். நம்ம ஊர் மாதிரி இடத்தில் ஒரு தெருவுக்கு ஒரு வேதக்காரக் குடும்பம் இருந்தாலே அதிகம். நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த வீட்டில் என்ன சண்டை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது வரைக்கும் தெருவுக்கே தெரியும்.

பெயர், விலாசம் எல்லாம் எடுத்துவிட்டேன், கடிதங்களைச் சுருக்கியும் இருக்கிறேன். "இது அவங்கதானே?" என்று ஆராய்ச்சி செய்யாமல் படியுங்கள்.

கேள்வி: ஐயா, கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் எடுத்தவள் நான். பழைய தோட்டத்துச் சனம் முக்கால்வாசி இப்போது ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தான் இருக்கிறோம். மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று காசு எடுப்பார்கள். வீட்டுக்காரர் முதலில் கொடுத்துக்கொண்டிருந்தார், அப்புறம் நிறுத்திவிட்டார். இந்த வருசம் கமிட்டித் தலைவர், என் சொந்தப் பெரியப்பா மகன், வாசலில் நின்று "வேதத்துக்குப் போனா சொந்தம் அறுந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்னதானத்துக்கும் நாங்கள் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். முகம் முறிக்கக் கூடாதென்று வாங்கி வைத்து, அப்புறம் பின்பக்கம் போய்க் கோழிக்குப் போட்டேன். அதை அவர் பார்த்துவிட்டார். இப்போது பேச்சே இல்லை. நான் செய்தது சரியா?

கோழிக்குப் போட்டது சரியில்லை, தங்கச்சி. சாப்பிடாமல் இருந்ததைச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டு அப்படிச் செய்ததைச் சொல்கிறேன். அந்த அக்கா விடியற்காலையில் எழுந்து, தலைக்குக் குளித்து, விறகடுப்பில் வைத்த பொங்கலில் முதலில் உங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கு எடுத்து வைத்திருப்பார். அது கோழி கொத்துவதைப் பார்த்தால் உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? "இவங்களுக்கு நம்ம கையால கொடுத்தா அருவருப்பு" என்றுதான்.

படைத்த சாப்பாட்டு விஷயம் இன்று நேற்று வந்த தகராறு இல்லை. கொரிந்து பட்டணத்தில் கோயிலில் பலியிட்ட இறைச்சி அப்படியே சந்தைக்கு விற்பனைக்கு வரும். அங்கே இருந்த விசுவாசிகள் இதே கேள்வியைத்தான் அப்போஸ்தலர் பவுலிடம் கேட்டார்கள். 1 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தையும் பத்தாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள், ஒன்றை மட்டும் படித்தால் வம்பு. கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், அவிசுவாசி ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டுப் போக மனமிருந்தால் போங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள், ஆனால் ஒருவர் "இது படைத்தது" என்று சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதீர்கள் என்கிறார். ஆமாம் இல்லை என்று ஒரே போடாக அவர் போடவில்லை, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து முடிவுசெய்யச் சொல்கிறார். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வாசலிலேயே, "அக்கா, சாமிக்குப் படைச்சது நாங்க எடுக்கிறதில்ல, கோவிச்சுக்காதீங்க. உள்ள வாங்க, தேத்தண்ணி போடுறேன், குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முகம் வாடியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது காசு. பல தோட்டங்களில் முன்பெல்லாம் கோயில் காசைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், கேட்கிற பேச்சே இல்லை. இப்போது ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்டு, லயத்து வீடெல்லாம் உடைந்து, சனம் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, அந்தத் திருவிழா ஒன்றுக்குத்தான் ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் ஊர் வந்து சேருகிறார்கள். உங்கள் அண்ணன் வாசலில் நின்று கேட்டதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "ஏன் அம்மனைக் கும்பிடல?" என்று அவர் கேட்கவே இல்லை. "நாங்க உனக்கு வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் சொல்வது இதுதான். அடுத்த வருசம் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே நீங்களும் வீட்டுக்காரரும் அண்ணன் வீட்டுக்குப் போங்கள். பூசைக்கும் காவடிக்கும் கொடுக்க எங்களால் முடியாது அண்ணே, ஆனா பந்தல், நாற்காலி, தண்ணீர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு, இதில் எதையாவது எங்கள் பொறுப்பில் விடுங்கள் என்று கேளுங்கள். நாள் நெருங்கி, ரசீதுப் புத்தகத்தோடு ஆள் வாசலுக்கு வந்த பிறகு வியாக்கியானம் பேசினால் அது கஞ்சத்தனமாகத்தான் தெரியும். நம்ம வட்டாரத்துப் போதகர்களில் சிலர், நாற்காலிக்குக் கொடுத்தாலும் அது கோயிலுக்குக் கொடுத்ததுதான் என்பார்கள். அவர்கள் சொல்வதையும் தள்ளிவிடாமல் உங்கள் போதகரிடம் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு நாற்காலியில் ஒரு தடங்கலும் தெரியவில்லை.

நாகமானை நினைத்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 5). சீரியாப் படைத்தலைவன், குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை நம்பிவிட்டான். ஆனால் அவனுடைய ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது இவன் கையில் சாய்ந்துகொள்வான், இவனும் குனிந்துதான் ஆகவேண்டும். அதைத் தீர்க்கதரிசி எலிசாவிடம் முன்கூட்டியே சொல்லி, கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை, "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவைத்தார். இதை வைத்துக்கொண்டு எல்லாம் செய்யலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு, அதுவும் அந்த வசனத்துக்கு அதிகப்படி. ஆனால் வேலையை விட்டுவிட்டு வா என்று எலிசா சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருவிழாவை விட எனக்குப் பெரிதாகப் படுவது சாவு வீடு. நம்மவர்கள் சிலர் அங்கே வந்து, காரியம் தொடங்கியதும் ரோட்டோரம் போய் நின்று போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள், எடுத்தவுடன் காணாமல் போகிறார்கள். சாவு வீட்டில் சடங்கு ஒரு பங்குதான். ஆஸ்பத்திரியில் படிவம் வாங்க ஒரு ஆள், கூடாரத்துக்கும் வேனுக்கும் போன் பண்ண ஒரு ஆள், வந்தவர்களுக்குத் தண்ணீர், மைலோ, பிஸ்கட் வாங்கிவர ஒரு ஆள், ராத்திரி முழுக்க விழித்திருக்க ஆள், எல்லாரும் போன பிறகு அந்த அம்மாவோடு சமையற்கட்டில் உட்கார ஒரு ஆள் வேண்டும். வாய்க்கரிசி போடமாட்டேன், பிள்ளை நெய்ப்பந்தம் பிடிக்கமாட்டான் என்றால் பெரியவர்களிடம் தனியாக, முன்னாலேயே, மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் மற்ற எல்லா வேலைக்கும் முதல் ஆளாக நில்லுங்கள். பதினாறாம் நாள் கழிந்து, சொந்தமெல்லாம் கிளம்பின பிறகும் போய் எட்டிப்பாருங்கள். அப்போதுதான் அந்த வீட்டில் ஆளே இருக்காது.

அந்த அக்கா வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். கோழி விஷயத்துக்குச் சாக்குச் சொல்லாதீர்கள், அவர் கண்ணால் பார்த்தது அது.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். என்னிடம் சில இந்தோனேசியர்களும் இரண்டு வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் அவர்கள் தங்கியிருக்கும் கொங்சியில் ஒரு ஜெபக் கூட்டம் வைத்து மலாய் மொழியில் வசனம் சொல்ல வேண்டும் என்று என் மனசில் ஒரு பாரம். ஒருவரும் ஆர்வம் காட்டவில்லை. ஓடிப்போகக் கூடாதென்று பாஸ்போர்ட்டை நான்தான் வைத்திருக்கிறேன், மில்லிலிருந்து காசு வந்த பிறகுதான் சம்பளம் போட முடிகிறது, அதில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எப்படி விசுவாசத்துக்கு ஆதாயப்படுத்துவது?

கேள்வியின் கடைசிப் பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஐயா. கூட்டம் பிறகு.

அடுத்தவர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் வருசத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது தெரியும். நீங்கள் எல்லாரையும் மாதிரி இல்லை என்று காட்டத்தானே கூட்டம் வைக்கப் பார்க்கிறீர்கள்? பாதுகாப்புக்காக என்றால் கொங்சியில் பூட்டுப் போட்ட பெட்டி வாங்கி வையுங்கள், சாவி அவர்களிடம் இருக்கட்டும்.

சம்பளம். 1955 வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கையில் இருக்க வேண்டும் என்கிறது. மில் காசு வந்ததா வரவில்லையா என்பது உங்கள் கவலை, அவர்களுடையது இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), சின்ன முதலாளிகளுக்கும் அதே வருசம் ஆகஸ்டில் அது வந்துவிட்டது. வேதமோ இன்னும் கடுமை. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது, ஏழு நாள் கெடுவெல்லாம் அங்கே கிடையாது. யாக்கோபு 5:4-ஐ நீங்கள் எத்தனையோ தரம் வாசித்திருப்பீர்கள்: "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." குலை வெட்டுகிறவன் அறுக்கிறவன்தானே.

தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். மில்லில் காய்க்குலை என்று கழித்தால் அந்தக் கழிவை யார் தலையில் போடுகிறீர்கள்? பழுத்ததை மட்டும் பார்த்து வெட்டினவனுக்கும் பச்சைக்குலையை இறக்கினவனுக்கும் சேர்த்து ஒரே மாதிரி பிடிக்கிற குத்தகைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். மில் கொடுக்கிற நிறுவைச் சீட்டு உங்கள் சட்டைப்பையில் இருக்கும், அவர்கள் கண்ணில் படவே படாது. உதிரி பொறுக்கின பையனுக்கு எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதி, மில் சீட்டையும் ஒரு ஆணியில் குத்திக் கொங்சிச் சுவரில் தொங்கவிடுங்கள். தமிழ் தெரியாதவனுக்கும் கணக்கு தெரியும்.

இனி கூட்டம். அரசியலமைப்பின் 11-ஆவது விதி நமக்கு நம் மதத்தைப் பின்பற்றவும் சொல்லவும் உரிமை தருகிறது. அதே விதியின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதப் போதனையைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. பேராக் உட்படப் பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஆட்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களாகத்தான் இருப்பார்கள், ஆகவே அந்தக் கூட்டத்தை விட்டுவிடுங்கள். சட்டத்தையே தள்ளி வைத்தாலும், சம்பளமும் பாஸ்போர்ட்டும் யார் கையில் இருக்கிறதோ அவர் கூப்பிடுகிற ஜெபக் கூட்டத்துக்கு ஒரு கூலியாள் எப்படி வேண்டாம் என்று சொல்வான்? வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் வேண்டும் என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு?

அவர்களில் யாராவது புளோரஸ் தீவுக்காரரா என்று எப்போதாவது கேட்டீர்களா? அந்தத் தீவில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சுமத்ரா பாத்தாக் மக்களில் லுத்தரன்கள் நிறையப் பேர். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு உங்கள் பிரசங்கத்தை விட ஞாயிறு காலை லீவும் பூசைக்குப் போக வண்டியும்தான் தேவைப்படும். ஞாயிறு காலையில் குலை வெட்ட அனுப்பிவிட்டுச் சாயங்காலம் ஜெபமா?

கேள்வி: நான் இந்து. இந்தப் பக்கத்தை என் மனைவி படிப்பார், நானும் பார்ப்பேன். எங்கள் தாமான் அருகில் ஒரு சபை இலவச டியூசன் நடத்துகிறது. நல்லபடியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், மறுப்பதற்கில்லை, என் மகனுக்குக் கணிதம் இப்போதுதான் ஏறுகிறது. ஆனால் போன வாரம் அவன் வீட்டுக்கு வந்து, பூசை அறையைக் காட்டி, "இதெல்லாம் பேய்னு டீச்சர் சொன்னாங்க" என்கிறான். பதினொரு வயசுப் பிள்ளை. அவன் பாட்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை. உங்கள் சபைகளில் இதைத்தான் சாட்சி என்பீர்களா?

இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. முதலில் அந்தப் பாட்டியிடம், இந்தப் பக்கத்தை எழுதுகிறவர் வருத்தம் தெரிவித்தார் என்று சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அரசியலமைப்பு 12-ஆவது விதியின்படி, தன் மதம் அல்லாத மதப் போதனையில் கலந்துகொள்ளும்படி யாரையும் வற்புறுத்த முடியாது, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் மதத்தைத் தீர்மானிப்பது பெற்றோரோ பாதுகாவலரோதான். டியூசன் என்று சொல்லிப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு, பெற்றோருக்குத் தெரியாமல் வேறொன்றைச் சொல்லிக்கொடுப்பது நம்பி ஒப்படைத்தவரை ஏமாற்றுவது. அதைச் செய்கிறவர் எந்த வசனத்தைக் காட்டினாலும் சரி.

வசனம் என்று வந்தால், இதைப் படிக்கிற என் சபைக்காரர்களுக்கு ஒன்று. எபேசுவில் தியானாள் கோயிலை வைத்துப் பிழைப்பு நடத்தினவர்கள் கலகம் பண்ணினபோது, பட்டணத்துச் சம்பிரதி எழுந்து, இந்த மனுஷர் கோயிலையும் கொள்ளையிடவில்லை, உங்கள் தேவியையும் தூஷிக்கவில்லை என்று கூட்டத்துக்குச் சொன்னான் (அப்போஸ்தலர் 19:37). சொன்னவன் விசுவாசி இல்லை, ஊர் அதிகாரி. பவுல் அந்த ஊரில் இரண்டு வருசத்துக்கு மேல் பிரசங்கம் பண்ணியிருந்தார், அப்படியிருந்தும் வெளியாள் ஒருவன் எழுந்து அப்படிச் சொல்ல முடிந்தது. நம் ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர் நம்மைப் பற்றி அப்படிச் சொல்வாரா?

பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது இந்த நாட்டுச் சபைகளின் பழைய வேலை. ஈப்போவில் ஏ.சி.எஸ். என்ற ஆங்கிலோ-சைனீஸ் பள்ளியை 1895-இல் ஆரம்பித்தவர் ஹார்லி என்ற மெதடிஸ்ட் மிஷனரி. அங்கே சீனர், தமிழர், சீக்கியர் என்று எல்லாரும் படித்தார்கள், பெரும்பாலோர் தங்கள் மதத்திலேயே இருந்துகொண்டு அந்தப் பள்ளியை இன்றைக்கும் தங்கள் பள்ளி என்கிறார்கள். கணக்குச் சொல்லிக்கொடுத்தால் அது கணக்காகவே இருக்கட்டும். அது வீண்போனது என்று நினைக்கிறவர் முதலில் டியூசன் எடுக்க வராமலே இருக்கலாம்.

உங்களுக்குச் சொல்வது: மகனை உடனே நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சபைப் போதகரை நேரில் பாருங்கள், மகனைக் கூட்டிப் போக வேண்டாம். டியூசன் நேரத்தில் மத விஷயம் பேசக் கூடாது, ஞாயிறு பள்ளி தனி, அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நியாயமான போதகர் என்றால் தருவார். தரவில்லை என்றால் மகனை எடுத்துவிடுங்கள், கணக்குக்கு வேறு வழி பார்க்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சபைக்கு வரமாட்டார். குடிப்பார், அந்த மலிவு சம்சுதான். நானும் சபை அக்காமார்களும் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசல் அறையில் அவருக்காகச் சத்தமாக ஜெபிக்கிறோம். "என்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லி நாறடிக்கிற" என்று கத்துகிறார். நான் ஜெபத்தை நிறுத்தலாமா?

ஜெபத்தை நிறுத்த வேண்டாம், மகளே, சத்தத்தை நிறுத்துங்கள். அவர் இடத்தில் கொஞ்சம் இருந்து பாருங்கள். வேலை முடிந்து வருகிறார், சொந்த வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் தன் பெயரைச் சொல்லிப் பிசாசை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜெபக் குறிப்பு என்று ஒரு வீட்டில் சொன்னது மறுநாள் பசாரில் மீன் வெட்டுகிற இடத்தில் பேசப்படுவது நம் ஊரில் நடக்காததா? அவர் சொல்வதில் பாதி உண்மை. கூட்டத்தை வேறொரு வீட்டுக்கு மாற்றுங்கள், அவருடைய விஷயத்தை ஒரே ஒரு நம்பிக்கையான ஆளோடு வைத்துக்கொள்ளுங்கள். பேதுரு தன் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், திருவசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்களைப் பற்றிச் சொல்லும்போது, மனைவியின் நடக்கையினாலே, போதனையின்றி ஆதாயப்படுத்தப்படுவார்கள் என்கிறார். பேசாமல் இருப்பதைத்தான் அங்கே சொல்கிறார், நம்மவர்கள் அதைப் படித்துவிட்டு மைக்கைப் பிடிக்கிறார்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்லிவைக்கிறேன். அவர் கை ஓங்குகிறவர் என்றால் இந்த வசனத்தை அதற்கு இழுக்காதீர்கள், அடிவாங்குவது சாட்சி இல்லை. 1994-ஆம் வருசத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம், தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 15999 எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். "பொறுத்துக்கோ, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று உங்களை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கிறேன். தினமும் ஸ்டேட்டசில் வசனம் போடுகிறேன். வகுப்பில் "பாஸ்டர் வந்துட்டாரு" என்று கிண்டல். விட்டுவிடலாமா?

போடு தம்பி, ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் குழுவாகச் செய்கிற பாட வேலையில் உன் பங்கை நேரத்துக்குக் கொடுக்கிறாயா? கடன் வாங்கின பத்து வெள்ளி திரும்பப் போனதா? இரவு பத்து மணிக்கு அதே போனில் வகுப்பு குரூப்பில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு ஓடும்போது நீ சிரிக்கிற பொம்மையைப் போட்டால், காலையில் போட்ட வசனத்தை எவன் படிப்பான்? பாஸ்டர் என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், மோசமான பட்டப்பெயர் இல்லை.

கேள்வி: கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. வருசம்தோறும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்கு வேன் பிடித்துப் போகும்போது பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் வரும், மெழுகுவர்த்தி ஏற்றும், தீர்த்தம் எடுத்துவரும். வேறு சபைத் தோழி ஒருவர், "அவங்களுக்கு ஒண்ணும் விளக்காம சும்மா கூட்டிப் போறது தப்பு" என்கிறார்.

கூட்டிப் போங்கள். அங்கே வருகிற கூட்டத்தில் இந்துக்களும் சீனர்களும் எப்போதும் உண்டு, திருநாளான 26-ஆம் தேதி போய்ப் பார்த்தால் தெரியும். வேனில் போகும்போது அவர்கள் என்ன நேர்ந்துகொண்டு வருகிறார்கள் என்று கேளுங்கள், பிள்ளை வரமா, நோயா, மகன் வேலையா என்று. அவர்கள் சொல்வார்கள். திரும்ப அவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்டால் அப்போது சொல்லுங்கள். உங்களில் இருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு எழுதியிருக்கிறார், கேட்கிறவர்களுக்கு என்று. உங்கள் தோழியையும் அடுத்த வருசம் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள், இடம் இருந்தால்.

கேள்வி: எங்கள் சபையில் ஒரு அக்கா கூட்டு (சீட்டு) நடத்துகிறார். விசுவாசி என்று நம்பித்தான் சேர்ந்தேன், தெருவில் இருக்கிற இந்துப் பெண்களையும் நான்தான் சேர்த்துவிட்டேன். முதலில் எடுத்தவர்கள் இரண்டு பேர் கட்டாமல் போய்விட்டார்கள், இப்போது காசு வரவில்லை. போலீசுக்குப் போனால் "கர்த்தருடைய நாமத்துக்கு இழுக்கு" என்கிறார் அக்கா. விசுவாசிக்கு விரோதமாக விசுவாசி வழக்குக்குப் போகக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6-ஐயும் காட்டுகிறார்.

அந்த அதிகாரத்தில் அடுத்த வரியையும் அக்காவிடம் காட்டுங்கள்: "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே" என்று பவுல் திட்டுகிறார். இழுக்கு ஏற்கெனவே வந்தாகிவிட்டது, தெருவில் காசைப் பறிகொடுத்த பெண்கள் இன்றைக்கு ஒவ்வொரு சமையற்கட்டிலும் அதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் புகாரால் வரப்போவது அதற்கு மேல் ஒன்றுமில்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் வருசத்துச் சட்டமே தடைசெய்திருக்கிறது, இது அந்த அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

போதகரையும் சபை மூப்பர் இருவரையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள், அந்த இந்துப் பெண்களில் ஒருவரும் அங்கே இருக்கட்டும், மூடின கதவுக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், முதல் பணம் வெளியாட்களுக்குப் போகட்டும், சபைக்காரர்கள் பிறகு. அவர்களைச் சேர்த்துவிட்டவர் நீங்கள் என்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போய் இந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும், அவர்கள் ஏசினாலும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். தேதி தவறினால் யாரிடமும் கேட்காமல் புகார் கொடுங்கள். அதற்கு முன்னால், அக்காவின் கணக்கு நோட்டில் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே.